இன்னும் எத்தனை திரை?

பத்தாயிரம் ரூபாய்க்குள் ஹெட்போனுக்கு நல்ல டாக், ஆம்ப் எது என்று இனி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். கேட்டால் சொல்ல மாட்டேன் என்றில்லை. சொல்லிவிடுவேன், அதுதான் வம்பு. லிஃப்ட் மூன்றாவது மாடி போய்ச் சேர்வதற்குள் அவுட்புட் இம்பீடன்ஸ் வரைக்கும் வந்திருப்பேன். மிச்சத்தைக் கதவு மூடாதபடி காலை முட்டுக்கொடுத்துக்கொண்டு சொல்வேன். கீழே யாரோ பால் பாக்கெட்டோடு பொத்தானை அமுக்கி அமுக்கிச் சபித்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது மாடிக்காரர் அப்படி மாட்டினவர்தான். "சார், நல்லதா ஒரு ஹெட்போன் வாங்கியிருக்கேன். டாக், ஆம்ப் இல்லாம கேட்டா பாவம்ங்கறாங்க. பட்ஜெட் பத்து. என்ன வாங்கலாம்?" என்றார். டாக் என்பது டிஜிட்டல் பாட்டை மின்சிக்னலாக மாற்றுவது, ஆம்ப் அதைப் பெருக்குவது. அவருடையது 32 ஓம் ஹெட்போன். போனைக் காட்டினாலே பாட ஆரம்பித்துவிடும் ரகம். "ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு ஒரு டாங்கிள் வாங்குங்க சார். மிச்சத்தை பேங்க்ல போடுங்க" என்றேன். மனிதர் அதைச் செல்போனில் குறித்துக்கொண்டார். நான் சொல்லி ஒருவர் குறித்துக்கொள்ளும் காட்சியை என் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது.

போன ஞாயிறு காலை, நான் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் வந்து நின்றார். முகத்தில் ஒரு தேஜஸ். நாற்பத்து மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு பெட்டி வாங்கியிருக்கிறார். முன்பக்கம் வண்ண டிஸ்ப்ளே, பின்பக்கம் முழுக்க ஓட்டை. "நீங்க சொன்னதுனாலதான் சார் இதுல இறங்கினேன்" என்று நன்றி வேறு. பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்படியே ஒரு திரை விலகின மாதிரி இருக்கு சார்" என்றார்.

இட்லி இறங்கவில்லை. இன்னும் இறங்கவில்லை.

நாற்பத்து மூவாயிரம் அவர் பணம், எனக்கென்ன வந்தது? வயிற்றெரிச்சல் எல்லாம் இல்லை. சரி, இருக்கிறது, அதை வேறு கணக்கில் வைத்துக்கொள்வோம். என்னால் தாங்க முடியாதது அந்தத் திரைதான். எந்தப் பெட்டி வாங்கலாம் என்பதை இந்தக் கட்டுரை முடிவதற்குள் கட்டாயம் சொல்லிவிடுகிறேன். அதற்குமுன் திரையைப் பற்றி இரண்டு வார்த்தை.

இந்தச் சாமான்களைப் பற்றி வீடியோ போடுகிறவர்கள், எழுதுகிறவர்கள், கடையில் விற்கிறவர்கள், வாங்கிவிட்டு மனைவியிடம் விளக்குகிறவர்கள், ஒருவர்கூட ஒரு திரையை விலக்காமல் விடுவதில்லை. ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டி ஒரு திரையை விலக்குகிறது. அடுத்த தீபாவளிக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டி வருகிறது, ஒரு திரை விலகுகிறது. அப்படியென்றால் போன தீபாவளிக்கு விலகியது எது? அதற்குப் பின்னால் இன்னொன்று தொங்கிக்கொண்டிருந்ததா? இருந்ததென்றால் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பன்னிரண்டுக்குப் பிறகு இருபத்தைந்து. அதுவும் விலக்குகிறது. பெட்டியை விடுங்கள், வெள்ளி முலாம் பூசிய கேபிள் விலக்குகிறது. யூஎஸ்பி வயருக்கு நடுவே செருகுகிற கட்டைவிரல் அளவு சாமான் ஒன்று, சிக்னலைச் சுத்தம் செய்வதற்காம், அதுவும் விலக்குகிறது. கரன்ட் வருகிற வயரை மாற்றினால், நெய்வேலியிலிருந்து அத்தனை தூரமும் அலுமினியக் கம்பியில் வந்த கரன்ட் கடைசி ஒன்றரை மீட்டரில் மனம் திருந்தி, தன் பங்குக்கு ஒன்றை விலக்கிவிட்டுப் போகிறது.

எனக்கும் ஜானகியம்மாவுக்கும் நடுவில் இத்தனை திரையை மாட்டியது யார்? இளையராஜா பிரசாத் ஸ்டூடியோவில் பாட்டைப் பதிவுசெய்த அன்று ஆளைவிட்டு மாட்டச் சொன்னாரா? டீக்கடை ரேடியோவில், ஓரம் கிழிந்த ஸ்பீக்கரில் அதே பாட்டைக் கேட்டு, காலி டம்ளரைக் கீழே வைக்க மறந்து நின்ற மனிதர்கள் இருந்தார்களே, அவர்கள் எத்தனை திரைக்கு வெளியே நின்றார்கள்? இன்றைய விலைப்பட்டியல்படி குறைந்தது முப்பது இருக்கும். அவர்களுக்கு எப்படிக் கண் கலங்கியது?

கோயிலில் திரை போடுவார்கள். உள்ளே அலங்காரம் நடக்கும். வெளியே நாம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு, முன்னால் நிற்பவரின் தலையைத் திட்டிக்கொண்டு நிற்போம். மணி அடிக்கும், சர்ரென்று திரை விலகும், தீபாராதனை. அவ்வளவுதான். விலகினது விலகினதுதான். நூறு ரூபாய் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கினால் கொஞ்சம் பக்கத்தில் போகலாம். "உள்ளே இன்னொரு திரை இருக்கிறது, ஐந்நூறு ரூபாய் சீட்டுக்காரர்களுக்கு மட்டும் அதை விலக்குவோம்" என்று அறநிலையத்துறைகூட இதுவரை சொன்னதில்லை. (யோசனை கொடுத்த பாவம் எனக்கு வேண்டாம்.)

எல்லாத் திரையும் விலகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் என்ன கிடைக்கிறது? பாடகி மூச்சு இழுப்பது, உதட்டை ஈரப்படுத்திக்கொள்வது, வயலின்காரரின் நாற்காலி கிறீச்சிடுவது, யாரோ நோட்ஸ் தாளைத் திருப்புவது. "இந்தப் பாட்டுல இதுவரைக்கும் கேக்காததெல்லாம் கேக்குது சார்!" இதெல்லாம் நம் காதில் விழக் கூடாது என்றுதானே ஒலிப்பதிவாளர் அன்றைக்கு மல்லுக்கட்டினார்? அவர் மறைத்ததைத் தோண்டி எடுக்க நாம் ஏன் தவணை கட்ட வேண்டும்?

எனக்கும் அந்த அனுபவம் வாய்த்திருக்கிறது. நன்றாகத் தெரிந்த பாட்டு. இரண்டாவது சரணத்துக்கு முந்தைய இடையிசையில் புதிதாக ஒரு ஊதல். நீளமாக, சுருதி பிசகாமல், தபேலா விட்ட இடைவெளியில் கச்சிதமாக உட்கார்ந்தது. "என்ன மனுஷன்யா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மறுபடி அதே இடத்துக்குப் போனால் ஊதலைக் காணோம். என்னுடையது பின்புறம் திறந்த ரக ஹெட்போன், வெளிச்சத்தம் தாராளமாக உள்ளே வரும். சமையலறையில் குக்கர் அடுத்த விசிலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

திரைக்கு அடுத்தபடி மேடை. கண்ணை மூடினால் பாடகி ஹாலில் வந்து நிற்கிறாராம். பின்னால் ஐம்பது வயலின். எங்கள் ஹாலில் சோபாவும் ஃபிரிட்ஜும் போக நாலு பேர் நிற்கலாம், அதுவும் துணி காயப்போடாத நாளில். மூன்றாவது மாடிக்கும் அதே பிளான்தான். ஐம்பது வயலின்காரர்களும் செருப்பை எங்கே விட்டார்கள்?

எங்கே விட்டேன்? பெட்டி.

அவர் வீட்டில் விலகிய திரை எது என்று எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியின் முன்பக்கத்தில் ஹெட்போனுக்கு இரண்டு ஓட்டை. வழக்கமான 6.35 மில்லிமீட்டர் ஒன்று, 'பேலன்ஸ்டு' என்று சொல்லும் 4.4 மில்லிமீட்டர் ஒன்று. முதலாவதில் கேட்டார். பிறகு தனியாக ஒரு கேபிள் வாங்கி இரண்டாவதில் கேட்டார், விலகிவிட்டது. இந்த மாதிரிப் பெட்டிகளில் பேலன்ஸ்டு ஓட்டை பெரும்பாலும் இரண்டு மடங்கு வோல்டேஜ் தரும். இரண்டு மடங்கு என்றால் வால்யூம் குமிழைத் தொடாமலே 6 டெசிபல் கூடுதல். சத்தம் கொஞ்சம் கூடினால் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு என்று சொல்லும். அதை ஏமாற்ற அரை டெசிபல் போதும், இங்கே ஆறு. இரண்டு பெட்டிகளை ஒப்பிடுகிறவன் முதலில் இரண்டின் சத்தத்தையும் 0.1 டெசிபலுக்குள் சமமாக்க வேண்டும் என்பது அதனால்தான். அது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மல்டிமீட்டர் போதும். 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, இரண்டிலும் வோல்டேஜ் நூற்றுக்கு ஒன்றுக்குமேல் வித்தியாசப்படாமல் குமிழைத் திருகினால் வேலை முடிந்தது.

"நான் மாத்தி மாத்திப் போடறேன் சார், நீங்க கண்ண மூடிக்கிட்டு எது எதுன்னு சொல்லுங்க" என்று மல்டிமீட்டரோடு கிளம்பினேன். மனிதர் பயந்துவிட்டார். "வேணாம் சார். இப்ப நல்லாருக்கு. அத ஏன் கெடுத்துக்கணும்?" என்றார். இந்த விஷயத்தில் இதுவரை யாரும் இவ்வளவு புத்திசாலித்தனமாகப் பேசி நான் கேட்டதில்லை. அது இன்னும் எரிச்சல்.

பயப்படாதவர்கள் இருந்திருக்கிறார்கள். பாஸ்டனில் பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இருவர் செய்த சோதனை 2007-ல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் வந்தது. உயர்தர எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ தட்டுகளை நேராக ஒருமுறை போட்டார்கள். நடுவில் சிடி தரத்துக்கு, அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி ஒருமுறை போட்டார்கள். எது எது என்று கேட்டார்கள். மொத்தம் 554 முறை. சரியாகச் சொன்னது பாதிக்கு ஒரு மயிரிழை குறைவு. அந்தத் தட்டுகள் சிலவற்றில் உயர்தரச் சரக்கே இல்லை என்று எதிர்த்தரப்பு இன்றுவரை வாதாடுகிறது. வாதாடட்டும். ஒரு ரூபாய்க் காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே மார்க் வந்திருக்கும்.

சிடி 1982-ல் கடைக்கு வந்தது. மனிதக் காதுக்கு உச்சவரம்பு 20 கிலோஹெர்ட்ஸ், அதுவும் சின்ன வயதில். 44.1 என்று வைத்தால் அதில் பாதி, 22.05 வரைக்கும் உள்ளே அடங்கிவிடும். கணக்கு அன்றைக்கே முடிந்தது. அவர் பெட்டியோ 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போகும் என்று அட்டையில் தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. பாதியாக்கினால் 384. நாய்க்குக் கேட்காது. வௌவாலுக்குக் கேட்காது. தேன்கூட்டை அரிக்கிற மெழுகு அந்துப்பூச்சி ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் அதன் காதை அளந்து, 300 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கிறது என்று 2013-ல் அறிவித்தார்கள். அந்தப் பெட்டியிடம் அதுவும் தோற்றுவிட்டது. மூன்றாவது மாடிக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது. இன்வெர்ட்டர் பீப் அடிப்பதே அவருக்குப் பாதி நாள் கேட்பதில்லை. எனக்கு அவரைவிட மூன்று வயது கூட, அதை விடுங்கள்.

அட்டையில் அடுத்த தங்க எழுத்து: சினாட் 120 டெசிபல். இரைச்சலும் பிசகும் சேர்ந்து சிக்னலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் என்று அர்த்தம். நல்ல சாதனை, மறுக்கவில்லை. எதைக் கேட்பதற்கு? எண்பதுகளில் டேப்பில் பதிவான பாட்டு. டேப்பின் 'உஸ்' சத்தமே 70 டெசிபல் கீழே இருந்தால் பெரிய விஷயம். அந்தப் பாட்டை யாரோ ஒரு புண்ணியவான் கேசட்டிலிருந்து எடுத்து யூடியூபில் ஏற்றியிருக்கிறார். அதைத்தான் கேட்கிறோம். தலைக்குமேல் ஃபேன் ஐந்தில் ஓடுகிறது. சித்திரை வெயிலில் அதை அணைத்துவிட்டு இசை கேட்கும் அளவுக்கு நான் ரசிகனில்லை. பக்கத்து மனையில் மார்பிள் அறுக்கும் மெஷின். 112 டெசிபல் பெட்டிக்கும் 120 டெசிபல் பெட்டிக்கும் வித்தியாசம் சொல்லிச் சண்டை போடுகிறவர்களை ஒரு மத்தியானம் அந்த மனையில் நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும். நிஜமாகவே ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று இரைந்தால், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் கூப்பிட வேண்டியது எலக்ட்ரீஷியனை.

சிப்பைப் பற்றிப் பேசாவிட்டால் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். 2020 அக்டோபரில் ஜப்பானில் நோபெயோகா என்ற ஊரில் ஏகேஎம் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. டாக் சிப்புக்குத் தட்டுப்பாடு. பல கம்பெனிகள் அவசர அவசரமாக சர்க்யூட்டை மாற்றி, அமெரிக்க இஎஸ்எஸ் சிப்பைப் பொருத்தின. ஏகேஎம் தன் சிப்பை 'வெல்வெட் சவுண்ட்' என்றுதான் விளம்பரப்படுத்தும். ஆகவே ஏகேஎம் என்றால் வழுவழு, இஎஸ்எஸ் என்றால் காது கூசும் என்று நம் ஆட்களுக்கு ஒரு பக்தி. தீப்பிடித்த வாரம் நண்பர் ஒருவர் துக்கம் விசாரிக்கிற குரலில் போன் செய்தார். "வெல்வெட் போச்சுங்க" என்றார். அவர் வீட்டுப் பெட்டியை வருஷக்கணக்காக அந்த வெல்வெட்டுக்காகத்தான் புகழ்ந்துவந்தார். அதன் விவரத்தாளை எடுத்துப் படிக்கச் சொன்னேன். உள்ளே இருந்தது இஎஸ்எஸ். நட்பு கொஞ்ச நாள் விட்டுப்போயிருந்தது.

இந்த ஆட்டம் முழுவதையும் ஒருவர் 2011-லேயே முடித்துவைத்துவிட்டார். என்டபிள்யூஏவி கை என்ற புனைபெயரில் எழுதியவர். ஒழுங்கான ஹெட்போன் ஆம்புக்குக் கொள்ளைப் பணம் வேண்டியதில்லை என்று வாதாடியதோடு நிற்காமல், சாதாரண உதிரிகளைக் கொண்டு, இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற ஓ2 என்ற ஆம்பை வடிவமைத்து, சர்க்யூட்டை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று வெளியிட்டார். கம்பெனிகள் அதைச் செய்து விற்றன. மறுவருஷம் ஒரு டாக்கும் வந்தது. 2012-ல் ஆள் சத்தமில்லாமல் காணாமல்போனார். பெயர் என்ன, ஊர் என்ன, இன்றுவரை வெளியே வரவில்லை. நம் ஊர்க்காரராக இருந்திருந்தால் இந்நேரம் ஜீவசமாதி கட்டி வெள்ளிக்கிழமை அன்னதானம் நடந்துகொண்டிருக்கும். அவர் போனபிறகு மக்கள் என்ன செய்தார்கள்? ஓ2-வைக் கேட்டுவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு மெல்லிய திரை இருக்கிறாற்போல் இருக்கிறதே என்றார்கள்.

ஆம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்ஹைசர் எச்டி 600 இருக்கிறது, 1997-ல் வந்து இன்னும் விற்கிறது, 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் சத்தம் தரும். ஆப்பிள் அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்கிற டாங்கிள் அந்த 1 வோல்ட்டைத் தருகிறது. (ஐரோப்பாவில் விற்பது அரை வோல்ட்தான். அங்கே காதுக்குச் சட்டம் உண்டு.) இன்றைய சினிமாப் பாட்டுக்கு அது தாராளம், எல்லாவற்றையும் உச்சத்தில் அமுக்கித்தான் பதிவு செய்கிறார்கள். மெதுவாகத் தொடங்கி ஓங்கி எழுகிற கச்சேரிப் பதிவுகள், சிம்பனி, தணிவான பழைய பதிவுகள் என்றால் போதாது. 4 வோல்ட் வேண்டும். 300 ஓமில் அது 53 மில்லிவாட். அந்த 4 வோல்ட்டை இன்று பத்தாயிரத்துக்குள் வாங்கிவிடலாம். பெட்டியின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், 32 ஓமுக்கு 4. புதுப் பெட்டிகளில் அநேகமாக எல்லாமே இதில் தேறிவிடும். பிளானார் ஹெட்போன்காரர்களுக்குக் கரன்ட் கொஞ்சம் கூட வேண்டும். அவர்கள் எப்படியும் யார் பேச்சையும் கேட்க மாட்டார்கள்.

என் மேசைமேல் ஏன் இத்தனை பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன என்று கேட்கலாம். அது ஆராய்ச்சி. வீட்டில் ஒருநாள், "ஏங்க, இதுல எதுங்க பாட்டுப் பாடும்?" என்று கேட்டாள். தூசி தட்டுவதற்காகக் கேட்டதுதான். ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் குக்கர் விசில் அடித்தது, போய்விட்டாள். அன்றைக்கு அது குக்கர்தான், சரிபார்த்தேன்.

பெட்டியின் பெயர் பாக்கி. சொல்லத்தான் நினைத்தேன். நான் மனதில் வைத்திருந்த மாடலுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு 'ப்ளஸ்' வந்துவிட்டது. அச்சேறுவதற்குள் 'ப்ரோ' வரும். எப்படியும் நீங்கள் அதற்கு அடுத்ததைத்தான் வாங்கப்போகிறீர்கள். பணம் மிஞ்சினால் ஹெட்போனில் போடுங்கள். இரண்டு ஹெட்போன்களுக்கு நடுவே சில இடங்களில் ஐந்து, பத்து டெசிபல் வித்தியாசம் சர்வசாதாரணம். ஒழுங்காகச் செய்த இரண்டு டாக்குகளுக்கு நடுவே அதில் நூறில் ஒரு பங்கு தேறினால் அதிகம். ஓம் எவ்வளவு, சென்சிட்டிவிட்டி எவ்வளவு என்பது ஹெட்போன் வந்த அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும். அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் வையுங்கள்.